புத்தர் இருக்கிறார், பிக்குகள் எங்கே?

எறையூர் என்றால் பெரம்பலூர்க்காரர்களுக்குச் சர்க்கரை ஆலை. இப்போது சிப்காட் தொழிற்பூங்கா. கொஞ்சம் வரலாற்று ஆர்வம் உள்ளவர்கள் ரஞ்சன்குடிக் கோட்டையையும் வாலிகண்டபுரம் கோயிலையும் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் எறையூரிலிருந்து ஒரு முற்பகலில் பைக்கில் போய்வரக்கூடிய தொலைவில், குன்னம் வட்டத்துப் பரவாயிலும் ஒகளூரிலும், எல்லை தாண்டினால் அரியலூர் மாவட்டத்துக் குழுமூரிலும் புத்தர் சிலைகளை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள் என்பது அதே வட்டாரத்தில் பலருக்குத் தெரியாது. இன்னும் தெற்கே விக்கிரமங்கலம், கங்கைகொண்ட சோழபுரத்தை ஒட்டிய பிள்ளைபாளையம் என்று அந்த வரிசை நீள்கிறது. பௌத்த மடம் ஒன்றைப் பார்க்க வேண்டும், துறவிகள் எப்படி வாழ்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைப்பவர்கள் வேன் பிடித்துக் கர்நாடகத்துப் பைலகுப்பேக்குப் போகிறார்கள். வசதியுள்ளவர்கள் புத்தகயா, அனுராதபுரம், பாங்காக். போகட்டும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பைலகுப்பேயில் நாம் பார்ப்பது, திபெத்திலிருந்து வந்தவர்கள் அறுபது ஆண்டுகளுக்கு முன் அமைத்துக்கொண்ட வாழ்க்கை. நம் மண்ணில் பல நூற்றாண்டுகள் நடந்த துறவு வாழ்க்கையைக் கற்க வேண்டுமானால் தொடங்க வேண்டிய இடம் இந்தச் சிற்றூர்கள்தாம். அதற்கு இரண்டு வேண்டும்: சிலைகள் அந்தந்த ஊரிலேயே இருக்க வேண்டும்; ‘இது யாருடைய சாமி’ என்ற வழக்கை விட்டுவிட்டு, ‘இங்கே வாழ்ந்தவர்கள் யார், அவர்களுக்குச் சோறு போட்டவர்கள் யார்’ என்று கேட்கப் பழக வேண்டும்.

தமிழ்நாட்டில் பௌத்தத்தின் தடங்களைத் தமிழில் முதன்முதலாக விரிவாகத் தொகுத்தவர் மயிலை சீனி. வேங்கடசாமி. அவருடைய ‘பௌத்தமும் தமிழும்’ 1940-இல் வந்தது. சோழ நாட்டில் அந்தத் தேடலை 1990-களிலிருந்து ஊர் ஊராகக் கொண்டுபோனவர் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பா. ஜம்புலிங்கம். தஞ்சை, திருவாரூர், நாகை, திருச்சி, புதுக்கோட்டை, பெரம்பலூர், அரியலூர் என்று அவரும் அவருக்கு முன்பிருந்தவர்களும் பதிவு செய்த சிலைகள் அறுபதைத் தாண்டும். அவற்றில் பெரும்பாலானவற்றின் காலத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும். அவை 10-ஆம் நூற்றாண்டுக்கும் 13-ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. சம்பந்தரும் அப்பரும் பாடியதோடு பௌத்தம் தமிழகத்தைவிட்டு ஓடிவிட்டது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர்கள் காலம் 7-ஆம் நூற்றாண்டு. அதற்கு முந்நூறு, நானூறு ஆண்டுகள் கழித்து, தஞ்சைப் பெரிய கோயிலும் கங்கைகொண்ட சோழபுரமும் எழுந்துகொண்டிருந்த அதே காலத்தில், ஒரு நாள் நடைத் தொலைவில் உள்ள ஊர்களில் கற்தச்சர்கள் புத்தரைச் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். கும்பகோணம் கும்பேசுவரர் கோயிலில் செவ்வப்ப நாயக்கர் காலத்து 1580-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று திருவிளந்துறைப் புத்தர் கோயிலைக் குறிப்பிடுகிறது. ஆக, மங்கியதும் மறைந்ததும் உண்மை. ஒரே வீச்சில் துடைக்கப்பட்டது என்ற கதை உண்மையில்லை.

சோழ நாட்டுப் புத்தரை ஒருமுறை நிதானமாகப் பார்த்தவர் பிறகு தவறவிட மாட்டார். கால்மேல் கால் மடித்து அமர்ந்த இருப்பு. மடியில் இடக்கைமேல் வலக்கை. சுருள் சுருளான தலைமுடி, உச்சியில் தீச்சுடர்போல் எழும் முடி. தோளைத் தொட நீண்ட காது. கழுத்தில் மூன்று மடிப்பு. இடத்தோளை மூடி வலத்தோளைத் திறந்துவிடும் மேலாடை, அதன் ஓரக்கோடு மார்பின் குறுக்கே சரிந்து இறங்கும். சமணத் தீர்த்தங்கரரிடமிருந்து பிரித்தறிய அந்த ஆடைக்கோடு ஒன்றே போதும்; தீர்த்தங்கரருக்கு ஆடை இல்லை, தலைக்கு மேல் முக்குடை இருக்கும். எந்தக் கல், எந்த வேலைப்பாடு, எந்த நூற்றாண்டு என்பதுவரை சிலையே சொல்லிவிடும். அதைச் சுற்றி என்ன இருந்தது என்பதை மட்டும் சிலை சொல்லாது. நம் பேச்சும் எழுத்தும் அந்த இடத்தில் வந்து நின்றுவிடுகின்றன. சிலை கிடைத்தது, இத்தனை அடி உயரம், இன்ன நூற்றாண்டு, மக்கள் வேறு பெயரில் கும்பிடுகிறார்கள்: செய்தி முடிந்தது. பௌத்தத்தில் புத்தரோடு தம்மமும் சங்கமும் சேர்ந்தால்தான் மும்மணி முழுமையாகும். நாம் முதலாவதைக் கண்டெடுத்து அளந்துவிட்டோம்; மூன்றாவதைத் தேடவே இல்லை.

தேடுவதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்ல முடியாது. துறவிகள் எப்படி வாழ வேண்டும் என்பதை வகுக்கும் விநய நூல்களில் முக்கியமான சில, சோழ நாட்டிலேயே எழுதப்பட்டவை. உறையூரைச் சேர்ந்தவராகக் கருதப்படும் புத்ததத்தர் 5-ஆம் நூற்றாண்டில் ‘விநயவினிச்சய’ என்ற நூலைப் பாலி மொழியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுள்களில் எழுதினார். எழுதிய இடம் சோழ நாட்டுப் பூதமங்கலம், ஆண்டவன் களப்பிர மரபு மன்னன். பிற்காலத்தில் சோழ நாட்டுக் கஸ்ஸபர் ‘விமதிவினோதனி’ என்று விநயத்துக்கு விரிவுரை எழுதினார். சட்டம் இருந்தால் அதற்குக் கட்டுப்பட்டவர்களும் இருந்திருக்க வேண்டும். விரிவுரை தேவைப்பட்டதென்றால் அவர்களுக்குள் தகராறும் இருந்திருக்க வேண்டும். தேரவாத மரபில் ஒரு பிக்குவுக்கு 227 விதிகள். பதினைந்து நாளுக்கொருமுறை உபோசத நாளில் எல்லோரும் கூடி அவற்றை ஓதுவார்கள்; மீறியவர் ஒப்புக்கொள்வார். அந்த விதிகளில் சிலவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். பிக்கு நிலத்தைத் தோண்டக் கூடாது. செடி கொடியை வெட்டக் கூடாது. பொன்னையும் வெள்ளியையும் வாங்கக் கூடாது. உணவைச் சேர்த்துவைக்கக் கூடாது. நண்பகலுக்குப் பிறகு உண்ணக் கூடாது. ஒருவர் கையால் கொடுக்காத உணவை வாயில் வைக்கக் கூடாது. அதாவது உழவும் இல்லை, காசும் இல்லை, களஞ்சியமும் இல்லை; ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வாய்ச் சோறும் ஊரில் இருக்கும் யாரோ ஒருவர் கையிலிருந்து வந்தாக வேண்டும். விகாரை ஊருக்கு மிகப் பக்கத்திலும் இருக்கக் கூடாது, மிகத் தொலைவிலும் இருக்கக் கூடாது என்று விநயம் சொல்வதற்கு இதுவே காரணம். மணிமேகலை தன் பாத்திரத்தில் முதல் பிச்சையை ஆதிரையிடம் வாங்குகிறாள். மகேந்திரவர்மனின் ‘மத்தவிலாசப் பிரகசன’த்தில் கேலிக்கு ஆளாகும் பிக்கு, வணிகர் வீட்டு விருந்தை முடித்துக்கொண்டு வருகிறவர். காப்பியம் போற்றினாலும் நாடகம் நையாண்டி செய்தாலும், சோறு ஊர்வீட்டிலிருந்துதான் வருகிறது.

பரவாயிலோ ஒகளூரிலோ பிக்குகள் இருந்திருந்தால், அது பரவாய்க்காரர்களும் ஒகளூர்க்காரர்களும் நடத்திய நிறுவனம். விடியலில் கம்பங்கூழோ சோறோ எடுத்துவைத்தவர்கள், மேலாடைக்குத் துணி நெய்தவர்கள், ஊர்ப்பொதுவில் இடம் விட்டவர்கள் எல்லாம் இந்த ஊர்க்காரர்கள். எந்த மதத்துப் பெருமைக்குள்ளும் அடங்காத செய்தி இது. ஊர் வரலாறு என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். இன்று மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் இந்தப் புன்செய்ப் பூமி, காவிரிப் படுகையைப்போல் உபரி நெல் கொழித்த இடமாக இருந்திருக்காது. வானம் பொய்த்த ஆண்டில் பிச்சைப் பாத்திரம் நிறைந்ததா என்ற கேள்வி, சிலையின் உயரம் எத்தனை அடி என்ற கேள்வியைவிட எனக்குச் சுவையாக இருக்கிறது. இன்னொன்று: பிக்குகள் மழைக்காலம் மூன்று மாதமும் ஓரிடத்தில் தங்க வேண்டும் என்பது விதி, அந்தத் தங்கல் ஆடிப் பௌர்ணமியை ஒட்டித் தொடங்கி ஐப்பசிவாக்கில் முடிகிறது. வட இந்திய மழைக்காக வகுத்த கணக்கு அது. நமக்கோ அடைமழை அவர்கள் கிளம்ப வேண்டிய நேரத்தில்தான் ஆரம்பிக்கும். சோழ நாட்டுப் பிக்குகள் சேற்றில் நடந்தார்களா, விதியை நீட்டித்துக்கொண்டார்களா? துறவு வாழ்க்கையைக் கற்பது என்றால் இப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்பதுதான்.

இதற்கு மறுப்பு உடனே வரும். விகாரைகள் பிச்சைச் சோற்றில் மட்டுமே நடந்தன என்பது ஏட்டுச் சுரைக்காய்; அவற்றுக்கு நிலமும் வருவாயும் இருந்தன என்பார்கள். சரிதான். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னன் சூளாமணிவர்மன் தொடங்கி அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் முடித்த சூடாமணி விகாரைக்கு, முதலாம் இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் ஊரையே கொடுத்தான். லெய்டன் செப்பேடு என்று பெயர் பெற்றுவிட்ட அந்த ஆவணத்தின்படி ஆண்டுக்கு 8,900 கலத்துக்கு மேல் நெல். ஆனால் அது கடல்கடந்த அரசின் பணத்தில், துறைமுகத்தில் எழுந்த பெருவிகாரை. குழுமூருக்கு எந்தக் கடல்கடந்த அரசனும் விகாரை கட்டித் தரவில்லை, எந்தச் சோழனும் செப்பேடு எழுதித் தந்ததாகத் தெரியவில்லை. ஆனைமங்கலத்து நெல்கூட உழவர் களத்திலிருந்து அளந்து வந்ததுதான். வாங்கிவைத்துச் சமைத்துக் கொடுக்க இல்லறத்தார் இருந்தாக வேண்டும், பிக்குவால் முடியாது. பெரிய விகாரை அரசனைச் சொல்லும். சின்ன ஊரின் சிலைதான் குடியானவனைச் சொல்லும். நம் பாடநூல்களில் முன்னது இருக்கிறது, பின்னது இல்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. ஒரு சிலை கிடந்தால் அங்கே விகாரை இருந்தது என்று எப்படிச் சொல்வது? வேறிடத்திலிருந்து வந்திருக்கலாம், ஆற்றோரம் கிடந்ததை யாராவது வண்டியில் ஏற்றி வந்திருக்கலாம், இல்லறத்தார் வழிபட்ட சிறு கோயிலாக மட்டும் இருந்திருக்கலாம். உண்மை. சிலையை வைத்துக்கொண்டு மடம் கட்டிவிட முடியாது. ஆனால் இந்த ஐயத்தைத் தீர்க்க வழி இருக்கிறது, அதன் பெயர் அகழாய்வு. பூம்புகாரை ஒட்டிய பல்லவனேசுவரத்தில் 1960-களில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது வரிசையாகச் சதுர அறைகள், முன்னால் பொதுத் தாழ்வாரம் என்று செங்கல் விகாரை ஒன்று வெளிப்பட்டது. புத்தபாதக் கல்லும் கிடைத்தது. அறையின் அளவைப் பார்த்தாலே ஒரு பிக்குவுக்கு எவ்வளவு இடம் போதும் என்று தெரிந்துவிடும். கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில் மாநிலத் தொல்லியல் துறை 2021-இல் தொடங்கி அகழாய்வு நடத்தியது. அரண்மனையைத் தேடிப் போன அந்த மண்வெட்டி, புத்தர் கிடக்கும் ஊரில் ஒருமுறை இறங்கக் கூடாதா? சிலையின் இடம் மாறிவிட்டால் இந்த வாய்ப்பும் போய்விடும். சிலைகள் ஊரிலேயே இருக்கட்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

திருட்டுப் போய்விடும், அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்பவர்கள் பொறுப்பில்லாதவர்கள் அல்லர். சிலைக் கடத்தலுக்கென்று தனிக் காவல் பிரிவே வைத்திருக்கும் மாநிலம் இது. ஐம்பொன், செப்புத் திருமேனி என்றால் நானும் அவர்கள் பக்கம். நாகப்பட்டினத்தில் 1856 தொடங்கி அடுத்த நூற்றாண்டுவரை கிடைத்த 350 அளவிலான பௌத்தச் செப்புத் திருமேனிகளில் பெரும்பகுதி எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வராமல் போயிருந்தால், இன்று எந்த நாட்டில் எவர் வரவேற்பறையில் இருந்திருக்குமோ. ஆனால் அதே நாகப்பட்டினத்தைப் போய்ப் பாருங்கள். மாலுமிகளுக்குக் கரை காட்டிய, பௌத்தக் கட்டடமாகக் கருதப்பட்ட பழைய புதுவெளிக் கோபுரத்தை, 1867-இல் அரசின் ஒப்புதலோடு இயேசு சபையார் இடித்துவிட்டார்கள். திருமேனிகள் எழும்பூரிலும் வெளிநாடுகளிலும் இருக்கின்றன, செப்பேடு ஐரோப்பாவுக்குப் போனது, கட்டடம் தரைமட்டம். ஒரு காலத்தில் கடல்கடந்த அரசர்கள் விகாரை எழுப்பிய ஊரில், அப்படி ஒன்று இருந்தது என்று கைநீட்டிக் காட்ட இடமில்லை. பெயர்த்தெடுத்தால் பொருள் பிழைக்கும், இடம் செத்துப்போகும். கருங்கல் சிலை வேறு மாதிரி. ஒரு ஆள் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. ஊரார் கண் படும் இடத்தில் இருந்தால் இரவோடு இரவாக மறையாது. பெரம்பலூரை அடுத்த சேலம் மாவட்டத்தின் தியாகனூரில் பெரிய புத்தர் சிலைகள் இரண்டு உண்டு. அங்கே ஊரோடு ஒட்டியே, சிலைக்குத் தியான மண்டபம் எழுந்திருக்கிறது. பாதுகாப்பு என்பதற்கு இதுவும் ஒரு வழி. கண்ணாடிப் பெட்டி மட்டுமே வழியில்லை.

ஊரார் பாதுகாப்பு என்றதும் வழிபாட்டுச் சிக்கல் வந்து நிற்கும். சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று வணங்கப்பட்டுவந்த சிலையைத் தொல்லியல் அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். தாமரை இருக்கை, தியானக் கைகள், சுருள்முடி எல்லாம் இருந்தன. உடைந்த தலையைச் சிமெண்ட் கலவையால் ஒட்டியிருந்தார்கள். அது புத்தர்தான் என்று ஏற்றுக்கொண்ட சென்னை உயர் நீதிமன்றம், சிலையைத் தொல்லியல் துறை வசம் ஒப்படைக்கவும் புத்தர் என்று பலகை வைக்கவும் பொதுமக்கள் பார்க்க விட்டுப் பூசையை நிறுத்தவும் 2022 ஜூலையில் உத்தரவிட்டது. சிலை யாருடையது என்ற அளவில் அந்தத் தீர்ப்பில் பிழை காண முடியாது. புத்தரை முனியப்பன் என்று அறநிலையத் துறைப் பதிவேட்டில் வைத்திருப்பது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி. ஆனால் பூசையை நிறுத்தும் பகுதியை எல்லா ஊருக்கும் பொதுவிதியாக்கினால் கெடுதல்தான் மிஞ்சும். வயல்வெளிச் சிலைகள் இத்தனை நூற்றாண்டு தாக்குப்பிடித்ததற்கு எந்தத் துறையும் காரணம் இல்லை. விளக்கேற்றியவர்களும் எண்ணெய் பூசியவர்களும் ‘ரிஷி’ என்றோ ‘முனி’ என்றோ ‘செட்டியார்’ என்றோ பெயர் வைத்தவர்களுமே காரணம். முசிறி வட்டத்து மங்கலத்தில் புத்தருக்கு மீசைகூட உண்டு. பெயர்ப் பலகை உண்மையைச் சொல்லட்டும். அகல் விளக்கு எரியட்டும். இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதால் வரலாறு கெட்டுவிடாது. சிலையை மாற்றிச் செதுக்குவது, சிமெண்ட் பூசுவது, பெயிண்ட் அடிப்பது, இவை கூடாது என்று ஊராரிடம் பேசி முடிவு செய்யலாம். விளக்கைப் பிடுங்கினால் மறுநாள் அந்தச் சிலைக்குக் காவல் இல்லை.

அரசியல் ஆகிவிடும் என்ற அச்சத்துக்கும் அடிப்படை உண்டு. ஈழத்தில் தொல்லியல் என்ற பெயரில் விகாரை எழும்பும்போது தமிழருக்கு அடிவயிறு கலங்குகிறது. முல்லைத்தீவுக் குருந்தூர்மலையில் நடந்தவை அண்மைச் செய்தி. ஆனால் அங்கே நடக்கும் வாதத்தின் முடிச்சே, பௌத்தம் என்றால் சிங்களவர் மட்டும் என்ற கணக்கில் இருக்கிறது. கந்தரோடையின் சிறு தூபிகளைப் பார்த்து இவை தமிழ்ப் பௌத்தர்களுடையவையாக இருக்கலாமே என்று அறிஞர்கள் வாதிடும்போது, அவர்களுக்குக் கை கொடுக்கும் சான்று தமிழகத்து ஊர்களில்தான் கிடக்கிறது. நாம் மூடிவைத்தால் அவர்கள் வாதம் மெலியும். உள்ளூரிலோ, 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பௌத்தர் சுமார் 11,000 பேர். இவர்களுக்காக இவ்வளவு செலவா என்று சிலர் கேட்கக்கூடும். அயோத்திதாசர் 1898-இல் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கியதிலிருந்து, அம்பேத்கரின் 1956 மதமாற்றத்துக்குப் பின்னும், சாதியால் ஒதுக்கப்பட்ட மக்களுக்கு இந்தச் சிலைகள் கல்லைவிடப் பெரியவை; அந்த உரிமையுணர்வை எண்ணிக்கையால் அளக்க முடியாது. அதைத் தள்ளிவைத்தாலும் கணக்கு இடிக்கும். இதே பெரம்பலூர் மாவட்டத்தில் சாத்தனூர்க் கல்மரத்துக்கு வேலி போட்டுப் பாதுகாக்கிறோம். மரத்துக்குப் பக்தர்கள் எத்தனை பேர் என்று யாரும் கேட்டதில்லை.

என்ன செய்யலாம் என்பது பெரிய திட்டமில்லை. ‘பௌத்தச் சுற்றுலா வட்டம்’ என்று கோடிகளில் அறிவித்து நுழைவு வளைவு கட்டுவதை முதலில் கைவிட வேண்டும். பெரிய சுற்றுலா வந்தால் ஊரார் கையிலிருந்து சிலை நழுவிவிடும். கொரியாவில் 2002 உலகக் கோப்பைக் கால்பந்தை ஒட்டி மடங்களில் தங்கும் திட்டம் தொடங்கியது. அங்கே மடமும் துறவிகளும் இருக்கிறார்கள், இங்கே இல்லை, எனவே அதைப் பார்த்து நகலெடுக்க முடியாது. பரவாய், ஒகளூர், குழுமூர், விக்கிரமங்கலம் ஆகிய ஊர்களில் சிலைக்கு மேல் ஒரு கூரை, ஊராட்சி பொறுப்பில் ஒரு பதிவேடு, தமிழில் ஒரு பலகை போதும். பலகையில் சிலையின் காலத்தோடு, பிக்குவின் ஒரு நாளையும் எழுத வேண்டும்: எப்போது எழுவார், எப்படிப் பிச்சைக்குப் போவார், எதற்குமேல் உண்ண மாட்டார், எந்த விதியை மீறினால் எந்நாளில் ஒப்புக்கொள்வார். புத்ததத்தரின் நூலைத் தமிழில் எளிய உரைநடையில் கொடுக்கும் வேலையைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் ஏற்கலாம். இவற்றோடு, இந்த ஊர்களில் ஏதேனும் ஒன்றில் தொல்லியல் துறை ஒரு பருவம் சோதனைக் குழி போட வேண்டும். செங்கல் தளமும் சதுர அறையும் வெளிப்பட்டால் பலகையை மாற்றி எழுதுவோம். வெறும் மண்தான் வந்தது என்றால் அதையும் பலகையிலேயே எழுதிவிட்டு அடுத்த ஊருக்குப் போவோம்.